எனக்கு நடக்காத கதை

குவைத்தில் எனக்கு ஒரு கொடுமையும் நடக்கவில்லை. இந்த ஒற்றை வாக்கியத்தை நாலு பேர் முன்னால் சொல்வதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் கொடுமை. ஒன்பது வருஷம் அங்கே ஒரு கிழவியின் வீட்டில் சமையல்காரியாக இருந்தேன். கிழவிக்குச் சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, நல்ல நீளமான வாய். அவள் அரபியில் திட்டுவாள், நான் தமிழில் திருப்பித் திட்டுவேன், பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் பேரீச்சம்பழம் தின்போம். அவள் செத்தாள். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். என் விசாவை யாரும் புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட் எந்த அலமாரியோடு போயிற்றென்று தெரியவில்லை. பொதுமன்னிப்பு அறிவித்தபோது தூதரகத்துக் காப்பகத்தில் இரண்டு மாதம் பாய் விரித்துப் படுத்திருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். என் கதை இவ்வளவுதான். இதைக் கேட்டு யாரும் அழமாட்டார்கள்.

ஊர் என்றால் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை. வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வராமல் போனபிறகு, பன்னிரண்டு வயசு மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்று. லேப் டெக்னீஷியனுக்குப் படித்து நெய்யூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வந்த முதல் வாரம் எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். இரண்டாம் வாரம், "பொறவு எப்பப் போற?" என்று கேட்டார்கள். "இனிப் போகல்ல" என்றதும் முகம் மாறியது. கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவளுக்கு ஒரு மரியாதை, திரும்பிப் போகாதவளுக்கு வேறு மரியாதை. ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். என் சொந்த அடுக்களையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று மகளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவளும் விருந்தாளிக்கு எடுத்துக் கொடுக்கிறமாதிரி எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மறுவாழ்வுத் திட்டக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பியவர்களை மறுபடியும் ஊரோடு சேர்த்துவைக்கிற திட்டமாம். தக்கலையில் ஒரு மாடியில் ஆபீஸ். அதன் கோ-ஆர்டினேட்டர் நாகர்கோவில்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், கஞ்சி போட்ட காட்டன் சேலை, வாயைத் திறந்தால் தேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று எனக்கு முதல் நாளே தோன்றியது, ஆனால் தோன்றி என்ன செய்ய. எங்களைப் "பயனாளிகள்" என்றாள்.

மூன்று நாள் பயிற்சி நடந்தது. பதினெட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்ட பெண்களை உட்காரவைத்து, நேரத்தை எப்படித் திட்டமிடுவது என்று காலேஜ் முடித்த ஒரு பெண் பாடம் எடுத்தாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம் வரைந்த அட்டைகளைக் கொடுத்து, "இன்னைக்கு நீங்க எந்த முகம்?" என்று கேட்டாள். என் பக்கத்திலிருந்தவள், "பசிக்க முகம் இதில இல்லியா பிள்ளே?" என்றாள். கடைசி நாள் உதவிப் பொருள் கொடுத்தார்கள். பட்டியலில் மூன்றே இனம்: தையல் மெஷின், ஆடு, காளான் வளர்க்கிற சாமான். சவூதியில் இருபது வருஷம் டிரெய்லர் ஓட்டினவனுக்கு இரண்டு ஆடு கிடைத்தது. அவன் அதுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்ற நிற்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எந்த கண்டக்டரும் ஏற்றவில்லை.

"எனக்குத் தையல் தெரியாதும்மா. வார்ப்பும் பெரிய அடுப்பும் தாருங்க. நாலு பேரச் சேத்துக்கிட்டு கலியாண வீட்டுக்கெல்லாம் ஆக்கிப் போடுவேன்" என்றேன். ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் பொங்குகிற பாத்திரத்துக்கு எங்கள் பக்கம் வார்ப்பு என்று பெயர்.

"லிஸ்ட்ல இல்லையே அக்கா. ஸ்பெஷல் சாங்ஷன் வாங்கணும். அதுக்கு ஒரு கேஸ் ஸ்டோரி வேணும். அங்க நீங்க பட்ட கஷ்டத்த மனசு விட்டுச் சொல்லுங்க."

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. கெழவி நல்லவ."

அவள் பேனாவை மூடினாள். "அப்படின்னா மேலிடத்துக்கு நான் எதை எழுத? யோசிச்சிட்டு வாங்க. எல்லாருக்கும் ஏதாவது நடந்திருக்கும், வெக்கத்துல சொல்லமாட்டாங்க."

இந்த இடத்தில் என் சேக்காளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பகத்தில் எனக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவள். பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டு ஊர், நாஞ்சில் நாட்டுச் சைவக்காரி, முப்பது வயசைத் தாண்டியவள், கல்யாணமானவள். முதலில் என் மேல் மீன் வாடை அடிக்கிறதென்று பாயைத் தள்ளிப் போட்டாள். ஒரு வாரத்தில் என் பாயிலேயே வந்து சுருண்டுகொண்டாள். அவள் வேலை செய்த வீட்டில் மாடியில் ஒரு அறை, அதற்கு வெளியே பூட்டு. அந்த வீட்டு மூத்த மகன். ஏழு மாதம். ஒருநாள் ஜன்னல் திரையைக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கட்டி இறங்கினாள். பாதியில் அது அறுந்து விழுந்து கணுக்கால் முறிந்தது. இதையெல்லாம் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஊரில் புருஷனுக்கும் மாமியாருக்கும், குளியலறையில் வழுக்கி விழுந்தவள் அவள்.

மறுநாள் கோ-ஆர்டினேட்டர் முன்னால் நான் வாயைத் திறந்தபோது வந்தது அந்தக் கதை. என்னுடையதாகச் சொன்னேன். மாடி அறை, பூட்டு, மகன், ஜன்னல் திரை. என் வாய் எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்று எனக்கே தெரியவில்லை என்று சொன்னால் அது புளுகு. நன்றாகத் தெரியும். எனக்கு வார்ப்பு வேண்டும், கையில் இருந்த கதை அது ஒன்றுதான். அவள் போனை எதிரே சாய்த்துவைத்துப் பதிவு செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது இந்த ரூமை விட்டு வெளிய போகாது அக்கா" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரிச் சொன்னாள். ஏதோ காகிதத்தில் கையெழுத்தும் வாங்கினாள். ஒரு மாதத்தில் வார்ப்பு, அடுப்பு, சட்டுவம், அண்டா எல்லாம் வந்து இறங்கின.

சேக்காளியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன். மீன் வேலை என்னுடையது. அவியல், எரிசேரி, பிரதமன் பாயசமெல்லாம் அவளுடையது. இன்னும் இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். தொழில் நன்றாகப் போயிற்று. கதையை எடுத்துக்கொண்ட விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் மகளுக்கு ஒரு இடம் வந்தது. பக்கத்துக் கடற்துறையில் நல்ல குடும்பம், பையன் கப்பலில் வேலை. லீவில் வந்தவன் என் மகளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அவனே கேட்டு வந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று. பெண்வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் வாசிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று என்றால் பெண் பாதி அந்த வீட்டுக்காரி. மூன்றாம் ஓலை நின்றுபோன பெண்ணை, கேட்டு வந்து வேண்டாமென்று விட்டுப்போன பெண்ணைவிட மோசமாகத்தான் ஊர் பார்க்கும்.

எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரம் நடுவில் திட்டத்தின் ஆண்டுவிழா மார்த்தாண்டத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு ஒரு கல்யாணச் சமையல் இருந்ததால் நான் போகவில்லை. அங்கே மைக் செட்டும் பெரிய திரையும் வாடகைக்கு விட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். திரையில் என்னைப் போட்டார்கள். கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்களாம். என் குரல், என் மூக்குத்தி, தாடையில் இருக்கிற மச்சம் எல்லாம் அப்படியே இருந்தன. கீழே "குளச்சல் அருகே ஒரு கடற்கரைக் கிராமம்" என்று எழுத்து வேறு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தாய்மாமன் அதைப் போனில் பிடித்துக்கொண்டு போய்த் தன் அக்காவிடம் காட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காளும் தம்பியும் என் வீட்டுக்கு வந்தார்கள். டீ வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மை போனை என் மடியில் வைத்தாள். "உங்க மேல குத்தம் சொல்ல வரல்ல மைனி. பாவம், உங்களுக்கு இப்பிடி ஆச்சே. ஆனா நாளைக்கு எனக்க மொவனுக்க பிள்ளைகள நாலு பேரு விரல் சூண்டிப் பேசப்படாது. சாமியாருட்ட சொல்லியாச்சு, ஓலை நிறுத்தியாச்சு" என்றாள். பாவம் என்ற வார்த்தையை அவள் சொன்ன விதத்துக்கு அவளை அப்போதே நாலு அறை அறையலாம்போல இருந்தது.

அவர்கள் போனபிறகு மகள் கேட்டாள். "அம்மே, இது நெசமா?"

"இல்லட்டி. எனக்கு ஒண்ணும் நடக்கல்ல."

"பின்ன எதுக்குச் சொன்ன?"

நான் பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த வார்ப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "பாத்திரத்துக்கா?" என்றாள். பிறகு பல வாரம் என்னோடு பேசவில்லை. மறுநாள் பூசையில் மற்ற இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். எங்களுடையது வரவில்லை. பின்வரிசைப் பெண்கள் இருமினார்கள். மாப்பிள்ளை லீவு முடிந்து கப்பலுக்குப் போய்விட்டான். அடுத்த லீவில் வரும்போது வேறு பெண் பார்த்து வைத்திருப்பதாக அவன் அம்மை சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஓலை நின்ற மறுநாள், திங்கட்கிழமை, தக்கலை மாடிக்குப் போய் நின்றேன். கோ-ஆர்டினேட்டர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, உங்க ஸ்டோரி எத்தனை பேருக்கு இன்ஸ்பிரேஷன் தெரியுமா? நீங்க சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"அது எனக்கு நடக்கல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

அவள் முகத்தில் தேன் வற்றியது. "அப்படி வெளிய சொன்னீங்கன்னா திட்டத்த ஏமாத்தினதா கேஸ் ஆகும். பாத்திரமெல்லாம் திரும்ப எடுத்துக்குவாங்க. உங்கள நம்பி மூணு பேரு இருக்காங்க. சரி, பொய்னா, பின்ன யாருக்கு நடந்தது? அவங்களயாவது கூட்டிட்டு வாங்க."

நான் படியிறங்கினேன். அன்றைக்கு மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்: இவளை இவள் வாயாலேயே விழவைக்க வேண்டும். அவள் மேல் அப்படி ஒரு கறுவம் எனக்கு. வெங்காயம் நறுக்கும்போது, மீன் செதிள் சுரண்டும்போது, ஜெபமாலை உருட்டும்போதுகூட அவளைத்தான் நினைத்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விடச் சொல்லுவார்கள், எனக்கு விட மனசில்லை.

சேக்காளியும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாள். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே, "அக்கா, அது எனக்க கதையில்லா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எது சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. "ஒரு காரியம் சொல்லட்டா? நீங்க சொல்லிக் கேக்கும்போ எனக்கு ஒரு வெப்ராளம் கொறஞ்ச மாரி இருக்கு. என்னால ஒரு காலத்திலயும் சொல்ல முடியாதுல்லா" என்றாள். வெப்ராளம் என்றால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிற புழுக்கம்.

அதற்குப் பிறகு நான் கோ-ஆர்டினேட்டரிடம் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். இனி எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வந்து பேசுகிறேன் என்றேன். அவளுக்குப் பரம சந்தோஷம். குழித்துறையில், திங்கள்நகரில், தோவாளையில், போன இடமெல்லாம் நான்தான் முதல் பேச்சு. மாடி அறையைச் சொல்வேன், பூட்டைச் சொல்வேன், கேட்டவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். சேக்காளி ஒரு கூட்டம் விடாமல் என்னோடு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, அழுகிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்குவாள். காப்பகத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னும் பின்னும் கோ-ஆர்டினேட்டர் எனக்கு வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். எழுத அவளுக்கு மடி, அவ்வளவு சோம்பல். ஒன்றைக்கூட அழிக்காமல் சேர்த்து வைத்தேன்.

"அக்கா, போன தடவ சீக்கிரமா முடிச்சிட்டீங்க. அந்த மகன் கதவத் தட்டுற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க. அங்கதான் ஃபாரினர்ஸ் அழுவாங்க."

"திரைச்சீலைன்னு சொல்றதவிட கயிறுன்னு சொல்லுங்க அக்கா, பயங்கரமா இருக்கும். கையில சூடு போட்டாங்கன்னு ஒண்ணு சேத்துக்கலாம்."

"நல்ல சேலை கட்டிட்டு வராதீங்க. அந்தப் பழைய பச்ச போதும்."

எட்டாம் மாதம் வந்தது. மாப்பிள்ளை அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டேன். அதே சமயத்தில் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் பெரிய விழா. கோ-ஆர்டினேட்டருக்குச் சென்னையில் மேல்பதவி வந்திருக்கிறது, அதற்குப் பாராட்டு. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள். மேடையில் என் பேச்சு, மத்தியானம் பந்திக்கு என் சமையல். மைக் செட் வழக்கம்போல அதே தாய்மாமன்.

காலையில் அவர் வயரை இழுத்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"அண்ணே, எனக்க மொவளுக்க ஓலைய நிறுத்துனது நீங்க. இதில நாலு மெசேஜ் இருக்கு, கேளுங்க. நான் மேடையில கைகாட்டும்போ ஸ்பீக்கர்ல போடணும். மாட்டேன்னா குருசடிச் சிலுவை முன்னால நின்னு உங்க குடும்பத்துக்கு மண்ண வாரி எறிவேன். சொல்லிட்டேன்."

அவர் என் போனைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டாவது மெசேஜிலேயே வியர்த்துவிட்டது. "நான் என்ன வேலை பாத்துட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு, என் போனை அவர் பெட்டியில் சொருகிக்கொண்டார்.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது பட்டுச் சேலையில் போய் நின்றேன். கோ-ஆர்டினேட்டர் கண்ணால் அதட்டினாள். நான் மைக்கைப் பிடித்து, "நான் பேசதுக்கு முன்ன, எனக்குப் பேசப் படிப்பிச்சுத் தந்தவங்க பேசுவாங்க" என்று சொல்லிக் கையைக் காட்டினேன். மண்டபம் முழுக்க அவள் குரல். கதவைத் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்க. கயிறுன்னு சொல்லுங்க. பழைய பச்ச போதும். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் என்ன என்ன என்று கேட்டார்கள். அவர்களும் காதில் சொன்னார்கள்.

பிறகு நான் பேசினேன். என்ன சொல்வது என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். எனக்கு நடக்கவில்லை என்று மட்டும் சொன்னால், பின்னே யாருக்கு நடந்தது என்று கேட்பார்கள். கேட்டால் என்னோடு காப்பகத்திலிருந்து வந்தவள் யார், கணுக்காலை இழுத்து நடப்பவள் யார் என்று பார்ப்பார்கள். அதனால் கதையையே வேரோடு பிடுங்கிவிடத் தீர்மானித்திருந்தேன்.

"எனக்கு அங்க ஒண்ணும் நடக்கல்ல. மாடியும் இல்ல, மகனும் இல்ல. அப்பிடி ஒரு காரியம் யாருக்கும் எங்கயும் நடக்கல்ல. ஒக்கப் பச்சப்பொய். நான் சமையல்காரி, கதையையும் நல்லா சமைச்சேன். உப்பும் மொளகும் போட்டது இந்த அம்மா."

முதலில் பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. நான் நினைத்தபடியே சிரித்தார்கள். கோ-ஆர்டினேட்டர் போர்த்தின பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். பொய் சொல்வானேன், பிரதமன் குடித்தமாதிரி இனித்தது. என் மகள் அழுத அத்தனை நாளுக்கும் சேர்த்துப் பார்த்தேன். அவளுக்கு மேல்பதவி போயிற்று, இருந்த பதவியும் போயிற்று. அதில் எனக்கு இன்றுவரை எள்ளளவும் வருத்தம் கிடையாது. வார்ப்பை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றிருந்தேன். அதைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை, அவர்களுக்கு அவர்கள் மானம் பெரிதாகிவிட்டது.

மேடையை விட்டு இறங்குவதற்குள் தாய்மாமன் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். பின்னாலேயே ஓடிவந்து, அக்கா லைனில் இருந்த போனை என் கையில் தந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டே மண்டபத்தின் பின்னால் சமையல் நடக்கிற கொட்டகைக்கு நடந்தேன். பந்தி தொடங்க வேண்டும். அங்கே வார்ப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மைனி, உங்க மேல ஒரு கறையும் இல்லன்னு எனக்கு அண்ணைக்கே மனசு சொல்லிச்சு. அப்பிடி நாசமாப்போன பொம்பளையா நீங்க இருக்க மாட்டியன்னு நான் சொன்னேன். எனக்க தம்பிதான் கேக்கல்ல. மொவன் செவ்வாக்கெழம வாரான். சாமியாருட்ட ஓலைக்குச் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றேன். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் முதல் ஓலையிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னார். மூன்றையும் வாசித்தார்கள், கல்யாணமும் நடந்தது. மகள் இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறாள். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தக் கொட்டகையில் நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சேக்காளி அவியல் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சட்டுவம் இருந்தது, கிளறவில்லை. அவியல் அடிபிடிக்கிற வாடை வந்தது. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது.

"ஏட்டி, கேட்டியா? அவளுக்க மொகத்த நீ பாக்கல்லியே" என்றேன்.

"ஸ்பீக்கர் இஞ்ச வரைக்கும் நல்லாக் கேட்டுது அக்கா." அடுப்பை அணைத்தாள். "நாசமாப்போன பொம்பளன்னு அவிய சொன்னதும் கேட்டுது."

"அவ கெடக்கா, சவத்த விடு. ஒனக்க பேரு வெளிய வந்துடப்படாதுன்னுதான் நான் எல்லாம் பொய்யின்னு சொன்னேன்."

"தெரியும்" என்றாள். சேலைத் தலைப்பால் சட்டுவத்தின் பிடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நீங்க போன எடத்தில எல்லாம் ஆளுவ அழுவாங்க. எனக்காக அழுகாங்கன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். பேரு வராம காப்பாத்துனது செரி அக்கா. சிரிக்க வச்சது எதுக்கு?"